212 எங்கிருந்து வந்தது? பங்கீட்டுப் பண்பு கற்ற ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

23-ஐ 14-ஆல் பெருக்கினால் 322. அந்தப் பையன் 212 என்று எழுதியிருந்தான். அடித்துத் திருத்திய தடம் எதுவும் இல்லை. விடைக்குக் கீழே அடிக்கோல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டிருந்தான். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நம்புகிற பிள்ளைதான் இரண்டு கோடு போடும்.

இதே 212-ஐ நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, "கவனமாப் போடு" என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கேட்டது 2024-இல்தான். அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக ஏழு வாரம், வாரத்துக்கு மூன்று மாலை, என் வீட்டுத் திண்ணையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பையனின் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டேன்.

பையன்

வயது 11, ஆறாம் வகுப்பு. நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா முட்டைக் குடோனில் லோடு ஏற்றுகிறவர். ஒரு பெட்டிக்கு ஏழு ட்ரே, ட்ரேக்கு 30, ஆகப் பெட்டிக்கு 210 முட்டை என்கிற கணக்கிலேயே அந்த வீட்டுப் பேச்சு ஓடும். அம்மா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் கடையில் உட்காருவது பையன்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இவன் ஒன்றாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் இவன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கூட்டலிலிருந்து பெருக்கலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டிய காலம் முழுக்க வீட்டிலேயே கழிந்தது. வாய்பாட்டில் 5 வரை சரளம், 7-உம் 8-உம் தடுமாற்றம். ஆனால் 6-ஆம் வாய்பாடு மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அது ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"வாய்பாடு சொல்லச் சொன்னாச் சொல்றானுங்க டீச்சர். கணக்குல வந்தாத்தான் தப்பாப் போகுது" என்றார் அம்மா.

நோட்டில் இருந்தவை

பள்ளியில் அந்த மாதம்தான் முழு எண்களின் பண்புகள் நடந்து முடிந்திருந்தது. கூட்டலின் மீதான பெருக்கலின் பங்கீட்டுப் பண்பைச் சொல் என்றேன். a × (b + c) = (a × b) + (a × c) என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். தாளில் எழுதச் சொன்னேன். அடைப்புக்குறிகூடப் பிசகவில்லை.

பிறகு 7 × 18 கொடுத்தேன். 7 × (10 + 8) என்று அழகாகப் பிரித்தான். அடுத்த வரியில் 70 + 8. விடை 78. சரியான விடை 126.

அடுத்தது 6 × 29. 120 + 9, விடை 129. அதற்கடுத்தது 23 × 14. 20 × 10 = 200, 3 × 4 = 12, விடை 212.

நான் அன்று எழுதி வைத்த குறிப்பில் இவற்றை இரண்டு வெவ்வேறு தவறுகளாகத்தான் பிரித்திருக்கிறேன். முதல் இரண்டும் கவனக்குறைவு, மூன்றாவது இடமதிப்பு தெரியாமை. இரண்டுமே பிழையான கணிப்பு.

கடையில் இருந்தது

மூன்றாவது நாள் கோதுமை மாவு வாங்க அவர்கள் கடைக்குப் போனேன். பையன்தான் இருந்தான். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி 18 முட்டை கேட்டார். அன்று கடையில் முட்டை 6 ரூபாய். "பத்து அறுபது, எட்டு நாப்பத்தெட்டு, நூத்தியெட்டு ரூவாங்க ஆத்தா." முட்டையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான். வாயில்தான் கணக்கு, கண் முட்டையில் இருந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்று நான் 29 முட்டை கேட்டேன். எதற்கு இப்படி ஒரு எண்ணிக்கை என்று அவன் யோசிக்கவில்லை. "ஒரு ட்ரே நூத்தியெம்பது. ஒண்ணு கம்மி. நூத்தி எழுவத்தி நாலுங்க டீச்சர்."

6 × (30 − 1). கூட்டலின் மேல் மட்டுமல்ல, கழித்தலின் மேலும் பங்கீட்டுப் பண்பை இந்தப் பையன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு செய்கிறான். அதே 6 × 29-க்கு முந்தாநாள் என் வீட்டுத் திண்ணையில் 129 எழுதியவன் இவன்தான். 6-ஆம் வாய்பாடு மட்டும் ஏன் சரளம் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இது இவன் ஒருவனுக்கு மட்டும் உரியதல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெரசினா நூனிஸ் கராஹெர், டேவிட் கராஹெர், அனாலூசியா ஷ்லீமன் மூவரும் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு 9 முதல் 15 வயது. ஆய்வாளர்கள் வாங்குகிறவர்களாகப் போய் நின்று கேட்டபோது 98.2 விழுக்காடு விடைகள் சரி. அதே பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடுதான் சரி. அவர்களில் 12 வயதுப் பையன் ஒருவன் தேங்காய் விற்றான், காய் ஒன்று 35 குரூசேரோ. பத்துக் காய்க்கு அவன் சைபர் சேர்த்துச் சொல்லவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350-இல் நின்றான். அதுவும் பங்கீட்டுப் பண்புதான்.

ஆகவே இவனுக்குப் பண்பு தெரியாது என்று சொல்வதற்கில்லை. கடையில் தெரிந்தது திண்ணைக்கு வரும்போது எங்கே நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வியாயிற்று.

"தீந்து போச்சுங்க டீச்சர்"

கடைக்குப் போய்வந்த மறுநாள் 7 × (10 + 8) = 70 + 8 என்ற அந்த வரியைக் காட்டி, திட்டுகிற குரல் இல்லாமல் கேட்டேன். "இதுல எட்டை ஏன் அப்படியே விட்டுட்டே கண்ணு?"

அவனுக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "ஏழைப் பத்துக்குக் குடுத்துட்டேனுங்க. எட்டுக்குக் குடுக்க ஏழு இல்லீங்களே. தீந்து போச்சுங்க டீச்சர்."

"அப்ப இந்த 23 பெருக்கல் 14?"

"அதுல பதினாலைப் பங்கு போட்டனுங்க. இருவதுக்குப் பத்து, மூணுக்கு நாலு. பெரிசுக்குப் பெரிசு, சிறுசுக்குச் சிறுசு."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச வரவில்லை. நான் கவனக்குறைவு என்றும் இடமதிப்புக் குறை என்றும் பிரித்து வைத்த இரண்டுக்கும் வேர் ஒன்று. பெருக்கும் எண்ணை அவன் ஒரு பொருளாகப் பார்க்கிறான். ஓரிடத்தில் கொடுத்தால் அது செலவாகிவிடும். இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பிட்டுத்தான் கொடுக்க முடியும்.

இதில் பாடத்தில் வரும் சொல்லுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 'பங்கீடு' என்றால் வீட்டில் பிள்ளைக்கு என்ன பொருள்? ஒரு கடலைமிட்டாயை அண்ணனுக்கும் தங்கைக்கும் பிட்டுத் தருவது. அப்பாரு காட்டைச் சித்தப்பனும் பெரியப்பனும் அளந்து பிரித்துக்கொள்வது. பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது குறையும், அதுதான் அந்தச் சொல்லின் இயல்பு. ஆனால் 7 × (10 + 8)-இல் 7 குறைவதே இல்லை. பத்துக்கும் முழு ஏழு, எட்டுக்கும் முழு ஏழு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர்வுவா 1814-இல் இந்தப் பண்புக்கு வைத்த பெயரும் பகிர்ந்தளித்தல் என்ற பொருளில் வருவதுதான். சொல்லை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை முதல்முறை உச்சரிக்கும் நாளில், இங்கே எதுவும் பிட்டுக் கொடுக்கப்படுவதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் இத்தனை ஆண்டும் சொன்னதில்லை.

கடையில் ஏன் சரியாக வருகிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. அங்கே 6 என்பது விலை. பத்து முட்டைக்கு அந்த விலையைச் சொல்லிவிட்டால் மீதி எட்டு முட்டைக்கு விலை இல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு முட்டையும் தன் 6 ரூபாயைச் சுமந்துகொண்டே வருகிறது. விலை தீராது, பொருள்தான் தீரும்.

முதலில் செய்து பார்த்ததும் கெட்டுப்போனதும்

வேர் தெரிந்த பிறகும் முதல் வாரம் நான் அவசரப்பட்டேன். 7-இலிருந்து 10-க்கு ஒரு அம்புக்குறி, 8-க்கு ஒரு அம்புக்குறி. "ரெண்டு அம்பும் போடாம விடையை எழுதாதே" என்று பழக்கினேன். இரண்டே நாளில் எல்லா விடையும் சரியாக வந்தது. எனக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் நாள் 6 × (5 × 4) கொடுத்தேன். 6-இலிருந்து 5-க்கு ஒரு அம்பு, 4-க்கு ஒரு அம்பு. 30 × 24, விடை 720. சரியான விடை 120. அடைப்புக்குறிக்குள் கூட்டலா பெருக்கலா என்று அவன் பார்க்கவேயில்லை. பார்க்கும்படி நான் எதையும் கொடுத்திருக்கவில்லை. அம்புக்குறி கைக்குப் பழக்கமானது, எண்ணுக்கும் அதற்கும் தொடர்பே உண்டாகவில்லை. நாலு நாள் கழித்து அம்பு போட மறந்ததும் மறுபடி 70 + 8 வந்துவிட்டது. அம்பை அன்றோடு நிறுத்தினேன்.

முட்டை ட்ரேயும் நூலும்

அவன் வீட்டிலிருந்து ஒரு காலி அட்டை ட்ரே கொண்டுவரச் சொன்னேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னேன். பிறகு பூக்கட்டும் நூலை நாலாவது குழிக்கும் ஐந்தாவது குழிக்கும் நடுவே நெடுக இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கம் நாலு நாலாக, மறுபக்கம் இரண்டு இரண்டாக.

"இந்தப் பக்கம் எத்தனை வரிசை?"

"அஞ்சுங்க."

"அந்தப் பக்கம்?"

ஆட்காட்டி விரலை நூலின் மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். மறுபடி மேலே போய், ஒவ்வொரு வரிசையாக நூலைத் தாண்டி விரலை வலப்பக்கம் கொண்டுபோனான். ஐந்து முறை. ஐந்தாவது முறை விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"அதுவும் அஞ்சு."

"இந்தப் பக்கம் அஞ்சைக் குடுத்துட்டோமே. தீந்து போகலையா?"

பதில் வரவில்லை. ட்ரேயைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தான், ஒரு புளியங்கொட்டை உருண்டு கீழே விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டு, "வரிசை அப்படியே போகுதுங்க டீச்சர். நூலுதான் நடுவுல வந்துச்சு" என்றான்.

இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. 5 × 6 = 5 × 4 + 5 × 2. நூல் வந்து விழுந்தது ஆறின் குறுக்கே. ஐந்தை அது தொடவில்லை. யூக்ளிட் இதை வடிவியலாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய இரண்டாம் புத்தகத்தின் முதல் தேற்றமே இதுதான்: ஒரு கோட்டை எத்தனை துண்டாக வெட்டினாலும், வெட்டாத மற்றொரு கோட்டோடு அது அமைக்கும் செவ்வகம் அந்தத் துண்டுகளின் செவ்வகங்களுடைய கூடுதலுக்குச் சமம். அவர் வரைந்த செவ்வகத்தில் இருக்கும் வெட்டு இவன் ட்ரேயில் நூலாக இருந்தது.

மறுநாள் இரண்டாவது நூல், குறுக்கே. மேலே மூன்று வரிசை, கீழே இரண்டு. இப்போது ட்ரேயில் நான்கு மூலை. "உன் வழியில போடு சாமி. பெரிசுக்குப் பெரிசு, சிறுசுக்குச் சிறுசு" என்றேன். 3 × 4 = 12, 2 × 2 = 4, மொத்தம் 16 என்றான். சொல்லி முடிக்கும் முன்பே முகம் மாறியது. ட்ரேயில் 30 என்பது அவன் பிறந்ததிலிருந்து பார்த்த எண்.

"மீதி 14 எங்கே?"

இரண்டு கையையும் நீட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூலைகளைத் தொட்டான். மேல் வலதில் 6, கீழ் இடதில் 8.

பந்தி

ட்ரேயில் 23 × 14 அடங்காது. அப்போதுதான் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு அவன் மாமா கல்யாணத்தில் இலை போட்டுவிட்டு வந்திருந்தான்.

"பந்தியில 23 பேர். வரிசையில 20 இலை, மூலையில தனியா 3 இலை. மொத்தம் 14 பதார்த்தம். 10 பதார்த்தம் ஒரு வாளிக்காரர் கையில, 4 பதார்த்தம் இன்னொருத்தர் கையில. நீ போட்ட கணக்குப்படி 10 பதார்த்தம் அந்த 20 பேருக்கு மட்டும், 4 பதார்த்தம் அந்த 3 பேருக்கு மட்டும். சரியா?"

"சண்டை வந்துருமுங்க டீச்சர்!" சிரித்துவிட்டான். "அந்த மூணு பேருக்குச் சோறே போயிருக்காது."

"அப்ப யாருக்கு என்ன போகலை?"

நோட்டை எடுத்து அவனாகவே எழுதினான். மூன்று பேருக்குப் போகாத பத்து, 30. இருபது பேருக்குப் போகாத நாலு, 80. முன்னே போட்ட 212-ஓடு சேர்த்து 322.

212-ஐ அவன் அடிக்கவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழேயே கூட்டினான். அவன் முதலில் போட்டது தப்பான கணக்கல்ல, பாதியில் எழுந்துபோன பந்தி. நான் சிவப்புக் குறி போட்ட அத்தனை 212-களிலும் சரியான 200-உம் சரியான 12-உம் இருந்தன. இது எனக்கு மிகவும் வலித்தது.

அதன்பிறகு அளவு பார்க்காமல் ஒரு பெட்டி வரைந்து நாலு அறையாகத் தடுத்துப் போடும் முறைக்கு மாறினோம். நாலாம் வாரக் கடைசியில், பள்ளியில் சொல்லித்தரும் நெடுக்குப் பெருக்கலை அவனே பக்கத்தில் போட்டுப் பார்த்தான். 23-ஐ 4-ஆல் பெருக்க 92. அடுத்த வரியில் ஒரு இடம் தள்ளி 23, அதாவது 230. இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தத் தொண்ணூத்திரெண்டுல ரெண்டு அறை இருக்குதுங்க. எம்பதும் பன்னெண்டும். இருநூத்தி முப்பதுலயும் ரெண்டு அறை" என்றான். ஒரு இடம் தள்ளிப் போடுவது ஏன் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வரி பத்தின் வரி என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

பழைய கணக்கு ஒன்று

ஐந்தாம் வாரம் பாஸ்கராச்சாரியாரின் லீலாவதியிலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தேன். 1150-ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல். அதில் பெருக்கலுக்கான எடுத்துக்காட்டு 135 × 12. பன்னிரண்டை 8 என்றும் 4 என்றும் உடைத்து, 1080-உம் 540-உம் கூட்டி 1620 காண்பது ஒரு வழி. பன்னிரண்டோடு எட்டைக் கூட்டி இருபதாக்கி, 2700-இலிருந்து 1080-ஐக் கழிப்பது இன்னொரு வழி. அதுவும் 1620.

கழிக்கும் வழியைப் பார்த்ததும் "இது எங்க கடைக் கணக்குங்க டீச்சர்" என்றான். ஒரு ட்ரேயைப் போட்டுவிட்டு அதிகப்படியை எடுத்துக்கொள்வது. எனினும் அவன் தேர்ந்தெடுத்தது 10-உம் 2-உம்: 1350, 270, மொத்தம் 1620. எப்படி உடைப்பது என்பது நம் வசதி என்று அவனிடம் நான் சொன்னதில்லை. அந்தக் கணக்கே சொல்லிவிட்டது. அன்று இரவு 17-ஆம் வாய்பாட்டை முழுக்க அவனே கட்டிக்கொண்டு வந்தான். பத்து ஆறு அறுபது, ஏழு ஆறு நாற்பத்திரண்டு, 102. மனப்பாடம் வேண்டாம் என்பவள் அல்ல நான். 10 வரை நாவில் இருந்தால்தான் அதற்கு மேலே கட்டிக்கொள்ள முடியும். ஆனால் 7-உம் 8-உம் தடுமாறிய பையனுக்கு அந்தத் தடுமாற்றம் குறைந்ததும் இப்படி உடைத்துச் சேர்த்த பிறகுதான்.

ஏழாம் வாரம் வரை தெரிந்தது

ஒரே ஒரு பையனை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அதன்பிறகு என்னிடம் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 3(x + 4) = 3x + 4 என்று எழுதியபோது, குறி போடுவதற்கு முன் கேட்டேன். "மூணு x கூடச் சேந்துருச்சுங்களே டீச்சர், நாலுக்கு இல்லையே" என்றாள். (a + b)² என்பதை a² + b² என்று எழுதும் பிள்ளைகளும் 212 எழுதியவர்கள்தான். அதே இரண்டு அறைகளைத்தான் அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

இவனிடம் முடியாமல் நிற்பது ஒன்று இருக்கிறது. கடைசி வாரம் 19 × 29 கொடுத்தேன். (20 − 1) × (30 − 1) என்று பிரித்து, 600-இலிருந்து 20-உம் 30-உம் கழித்தான். கடைசி அறையில் இருக்கும் ஒன்றையும் கழித்து 549 என்றான். விடை 551. அந்த மூலை ஒன்றை இரண்டு முறை எடுத்துவிட்டோம், ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை ட்ரேயில் காட்டினேன், வரைந்தும் காட்டினேன். தலையாட்டினான். ஏறவில்லை என்று முகம் சொன்னது. நானும் அன்று வற்புறுத்தவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பியவன் வாசற்படியில் நின்றான். செருப்பைப் போட்டுக்கொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"டீச்சர், ரெண்டு பக்கமும் எதுக்குங்க உடைக்கோணும்? முப்பது பத்தொம்பது ஐந்நூத்தி எழுவது. ஒரு பத்தொம்பது கம்மி. ஐந்நூத்தி அம்பத்தி ஒண்ணு."